கனகவல்லி முடிந்திருந்த பதினோரு நாட்கள்

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஆகஸ்டு பதினாலாம் தேதி, வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு, துப்பறியும் கதைகள் எழுதிவந்த கனகவல்லி அம்மாள் ராஜகீழ்ப்பாக்கம் ஏரிக்கரை ஓரமாக ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருக்கும்போதே முடிந்துபோனார். சாகவில்லை, ஓடிப்போகவில்லை, யாரும் கடத்தவில்லை. கதை முடிகிற மாதிரி முடிந்துபோனார். வண்டி மட்டும் ஸ்டாண்டு போடாமல், ஒரு பக்கமும் சாயாமல், இஞ்சின் ஓடியபடியே சாலையோரம் நின்றது. பின்னால் வந்த தண்ணீர் லாரிக்காரர் நாலு தரம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார். அன்று சேலையூரில் தக்காளி கிலோ ஒன்பது ரூபாய். மழைக்கு அறிகுறி இல்லை.

நானூற்றுப் பன்னிரண்டு நாவல் எழுதிய அம்மாளைக் காணோம் என்றால் ஊர் சும்மா இருக்குமா? சனிக்கிழமைக்குள் ஏரிக்கரையில் பதினேழு லட்சம் பேர் கூடிவிட்டார்கள். அது கொஞ்சம் மிகை, பதினாறு லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வருஷம் ஏரியில் முழங்கால் நனையத் தண்ணீர் கிடையாது. இருந்தாலும் முறைப்படி முங்குநீச்சல்காரர்கள் இருவர் வந்து, வெடித்த சேற்றில் குப்புறப் படுத்துத் தேடிவிட்டு, ஒரு பித்தளைச் சொம்போடு எழுந்தார்கள். போலீஸ் நாய் ஸ்கூட்டியை மூன்று சுற்றுச் சுற்றி, அதன் நிழலில் படுத்துத் தூங்கிப்போனது. பெட்ரோல் முள் அரை டாங்கிலிருந்து அசையவில்லை. அம்மாளின் வீட்டில், அவர் பாதி குடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போன காபி ஆறவே இல்லை. வெள்ளிக்கிழமையும் ஆவி பறந்தது, ஞாயிற்றுக்கிழமையும் பறந்தது. கான்ஸ்டபிள் ஒருவர் விரலை விட்டுப் பார்த்துக் கொப்புளத்தோடு திரும்பினார்.

இதெல்லாம் எதனால் என்று ஊரில் ஒரே ஒருவனுக்குத்தான் பிடிபட்டது. அவன் பெயர் ஜாபர். மேற்குத் தாம்பரத்தில், ரயில் நிலையத்துப் படிக்கட்டு இறங்கும் இடத்தில், ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் வைத்து டி.டி.பி. சென்டர் நடத்தினான். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, காதுகுத்து, மாத நாவல், எதுவானாலும் அவன் விரல் வழியாகத்தான் போகும். ஒன்பது வருஷமாகக் கனகவல்லி அம்மாளின் கையெழுத்துப் பிரதியை அடித்துக் கொடுப்பவனும் அவன்தான். வேலை சீக்கிரம் ஆகட்டும் என்று இரண்டு சொற்களை இரண்டு விசைகளில் பூட்டி வைத்திருந்தான். எஃப் ஏழைத் தட்டினால் "தொடரும்" என்று விழும். எஃப் எட்டைத் தட்டினால் "முற்றும்" என்று விழும். இரண்டுக்கும் நடுவே ஒரு நூலிழை இடைவெளி.

அம்மாளுக்கும் ஒரு வழக்கம் உண்டு. தொடர்கதை அத்தியாயத்தை வீட்டில் எழுதி முடித்தாலும் கடைசிக் குறியை மட்டும் வீட்டில் போட மாட்டார். ஜாபர் கடைக்கு வந்து, நின்றபடியே கடைசி வரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, "சரி, இன்னும் சாகல" என்று சொல்லி, "தொ" என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் கொடுப்பார். அந்த வட்டத்தைப் பார்த்தால் ஜாபர் எஃப் ஏழு. மாத நாவல் என்றால் "மு", வட்டம், எஃப் எட்டு. ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் பிசகியதில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஜும்மா தொழுகை முடிந்து ஜாபர் வீட்டுக்கு வந்தபோது, அவன் மனைவி சபீஹா அந்த வாரத்துக் "கதம்பக்கூடை" இதழைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்திருந்தாள். பிரியாணியில் உப்பில்லை என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது அவள் முகம்.

"ஏங்க, இன்னாங்க இது? கொலைகாரன் யாருன்னே சொல்லல. அதுக்குள்ள முடிச்சிட்டாங்க உங்க கனகவல்லி அம்மா."

"முடிக்கலையே. இருபத்தாறாவது அத்தியாயம்தான் வந்திருக்கு."

"கண்ணு தெரியலியா? முற்றும்னு கொட்டையா போட்டிருக்கு, பாருங்க."

ஜாபர் பார்த்தான். பார்த்தவன் உட்கார்ந்தான். உட்கார்ந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த அத்தியாயத்தை அடித்த திங்கட்கிழமை, அதே உட்காரலில் வேறு வேறு ஆட்களின் நாலு மாத நாவல்களை முடித்திருந்தான். நாலு முறை எஃப் எட்டு. ஐந்தாவது முறை விரல் பழக்கத்தில் போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலையே பம்மலில் இருக்கும் அச்சகத்துக்குப் போன் போட்டு, அந்தப் பக்கம் எத்தனை மணிக்கு மிஷினில் ஏறியது என்று சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டான். வியாழக்கிழமை பத்தேகால் என்றார்கள். முதல் தாள் விழுந்தபோது கரண்டு ஒரு கண் சிமிட்டியதாம்.

சனிக்கிழமை காலை அவன் செய்த முதல் வேலை, கடையில் இருந்த தாள் கட்டிலிருந்து இருபத்தாறாம் அத்தியாயத்தின் கையெழுத்துப் பிரதியை உருவிப் பார்த்ததுதான். "தொ" என்று இருந்தால் குற்றம் முழுக்க அவனுடையது. "மு" என்று இருந்தால் அம்மாளுடையது. கடைசித் தாளில் "தொ"வும் இல்லை, "மு"வும் இல்லை. அந்த இடத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, மஞ்சள் நிறத்தில், ரப்பர் ஸ்டாம்பு குத்தின மாதிரிப் பதிந்திருந்தது.

மோந்து பார்த்தான். குழைத்த மஞ்சள். அவன் டப்பா மஞ்சளேதான். சுப காரியப் பத்திரிகையின் முதல் பிரதி பிரிண்டரிலிருந்து வந்ததும் நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டுக் காயவைத்துக் கொடுத்தால்தான் வாடிக்கையாளர்களுக்கு மனசு ஆறும்; அதற்காகப் பழைய பிலிம் ரோல் டப்பாவில் குழைத்தே வைத்திருப்பான். "பாய் கை மஞ்சள் ராசி" என்று கூடுவாஞ்சேரியிலிருந்தெல்லாம் தேடி வருவார்கள். திங்கட்கிழமை அம்மாள் வந்து நின்றபோது மேசைமேல் எந்தப் பத்திரிகை காய்ந்துகொண்டிருந்தது? ஜாபர் குப்பைக்கூடையைக் கவிழ்த்தான். கிழிந்த மாதிரிப் பிரதி கிடைத்தது. புதுமனை புகுவிழா, கூடுவாஞ்சேரி, ஆகஸ்டு இருபத்தைந்து திங்கட்கிழமை, தேய்பிறையானாலும் பரவாயில்லை என்று பார்த்த முகூர்த்தம், காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். தங்கள் வரவை விரும்பும் ராஜாராமன், கீதா.

மனை புரோக்கர் ஒருவர் துண்டுச்சீட்டில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்த மேட்டர் அது. தாம்பரத்தில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு ராஜாராமன் தலையில்தான் விழும். எனவே ஜாபர் அப்போது யோசிக்கவில்லை. இப்போது யோசித்தான். கனகவல்லி அம்மாளின் வீட்டுக்காரர் பெயரும் ராஜாராமன். அம்மாள் அன்று பத்திரிகையைக் கையில் எடுத்தது, தண்ணீர் கேட்டது, குடிக்காமல் வைத்தது, கடைசி வரியைப் படிக்காமலே பிரதியை நீட்டிவிட்டுப் போனது, ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது.

இதை யாரிடம் சொல்வது என்று அவன் குழம்பிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில் ராஜாராமன் முந்திக்கொண்டார். ஊர் முழுக்க அவரைத்தான் ஒருமாதிரியாகப் பார்த்தது. காய்கறிக்காரி கூட மீதிச் சில்லறையைத் தூரத்திலிருந்து போட்டாள். அதைத் திருப்பிவிட அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. சனிக்கிழமை, இருபத்துமூன்றாம் தேதி, காவல் நிலையத்துக்குப் போய், கதம்பக்கூடையை விரித்து, கடைசிச் சொல்லில் விரலை வைத்து, "என் சம்சாரத்த முடிச்சது நான் இல்ல சார். இதோ, இத அடிச்ச ஜாபர்தான்" என்றார். எழுத்திலும் கொடுத்தார்.

இன்ஸ்பெக்டர் சிட்டிபாபு அந்தத் தொடரின் பரம ரசிகர். வாரா வாரம் கொலைகாரனைத் தப்பாகக் கண்டுபிடிப்பவர். ஜாபரைக் கூட்டிவரச் சொல்லி, எதிரில் உட்காரவைத்து, கதம்பக்கூடையை அவன் முன்னால் விரித்துப் போட்டார்.

"யோவ் பாய், முற்றும் போட்டு ஒரு பொம்பளைய முடிச்சதுக்கு சட்டத்துல செக்‌ஷன் இல்ல. காலைலேர்ந்து பொஸ்தகம் பூரா தேடிட்டேன். ஆனா இருக்குற செக்‌ஷன்ல உன்ன உள்ள வெக்கத் தெரியும் எனக்கு. மேலேர்ந்து போன் மேல போன். பேப்பர்காரன் வேற வாசல்லியே படுத்துகினு கீறான். யாரையாச்சும் நான் காட்டியே ஆவணும்."

"சார், அம்மாவோட வூட்டுக்காரரு..." என்று ஜாபர் பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினான்.

சிட்டிபாபு படித்தார். இரண்டு தரம் படித்தார். "ரெண்டாவது வூடு கட்றது கேஸு ஆவாதுய்யா. கேஸு ஆனா பாதி ஊர உள்ள தள்ளணும். ஆள் வேணும் எனக்கு, உசுரோட. திங்கக்கெழம பத்தேகாலு வரைக்கும் டைம். அந்தம்மாவ கொண்டா. இல்லன்னா நீ வா." வாசல்வரை போனவனைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "அந்தக் கொலைய அந்த மருந்துக்கடைக்காரன்தானே செஞ்சான்?" என்று கேட்டார். ஜாபருக்குத் தெரியாது. அம்மாள் அடுத்த அத்தியாயத்தை யாருக்கும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

வீட்டில் சபீஹா அழுவாள் என்று பயந்து போனான். அவள் அழவில்லை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டுவிட்டு, "கையால கெடுத்தீங்க. கையாலயே சரி பண்ணுங்க" என்றாள். "முற்றும்னு போட்டதாலதானே முடிஞ்சாங்க? இருபத்தேழாவது ஒண்ணு வந்துட்டா எப்பிடிங்க அது முடிஞ்சதாவும்?" உலகத்துப் புத்திசாலித்தனத்தில் முக்கால் பங்கு கீரை உருவும்போது பிறந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பம்மலுக்குப் போனான். கதம்பக்கூடையின் ஆசிரியர் யக்ஞநாராயணன் அச்சகத்துக்கு மேலேயே குடியிருந்தார். அறுபது வயது, மூக்குப்பொடி, முன்கோபம். இருபத்தொன்றாம் தேதி இதழில் கனகவல்லி பக்கத்தைக் கோலப்போட்டி முடிவுகளை வைத்து ஒப்பேற்றியிருந்தார். அடுத்த இதழில் அந்த இடத்தில் வேறொருவரின் புதுத் தொடர். வண்ணப் பக்கமாதலால் மற்றவற்றுக்கு முன்னதாகத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கே மிஷினில் ஏறுகிறது. அது ஏறிவிட்டால் கனகவல்லி அம்மாளுக்குத் திரும்பி வர இந்த உலகத்தில் ஒரு பக்கம்கூட மிச்சம் இருக்காது. ஜாபர் கேட்டே விட்டான்.

"சார், இருபத்தேழாம் அத்தியாயம் கொண்டாந்தா போடுவீங்களா?"

"யார் எழுதினது?"

"அம்மா எழுதினதுதான் சார்."

"ஓய், நான் முப்பத்தஞ்சு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். அவா கையெழுத்துல காகிதம் கொண்டாரும். 'ழ'வுக்கு அந்தம்மா போடற வால் எனக்குத் தெரியும். வால் இருந்தா பக்கம் உம்மது. இல்லேன்னா கீழ எறங்கிப் போம்."

ஜாபர் கடையைத் திறந்து, பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, அம்மாள் எழுதும் அதே கோடு போடாத தாளை எடுத்து வைத்தான். அவன் வாழ்க்கையில் சொந்தமாக எழுதியது மளிகை லிஸ்டும், சபீஹாவுக்குக் கல்யாணத்துக்கு முன் ஒரு கடிதமும்தான். அந்தக் கடிதத்தையும் அவள் அண்ணன் படித்துவிட்டான். மத்தியானம் வரை தாள் வெள்ளையாகவே இருந்தது. பத்து ரயில் போனது. தொடரின் நாயகியை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? இருபத்தாறாம் அத்தியாய முடிவில் அவள் ஒரு பாலத்தின் மேல் நின்றாள். பாலத்திலிருந்து எங்கே போவாள்? கை பேனாவைத் தொட்டது. ஒன்பது வருஷம் ஒரு கையெழுத்தை மட்டுமே உற்றுப் பார்த்தவனின் விரல் வேறெப்படி எழுதும்? அம்மாளின் சாய்வு, அம்மாளின் அவசரம், "ழ"வுக்குக் கீழே எலிவால் மாதிரி நீளும் அந்தச் சுழிப்பு, எல்லாம் தானாக வந்தன. அவன் எழுதவில்லை, வந்ததை வேடிக்கை பார்த்தான். பாலத்தில் நின்றவள் பேருந்து ஏறினாள். கூடுவாஞ்சேரியில் இறங்கினாள். சந்தைக்கு எதிரில் ஒரு லாட்ஜில், ஒன்பதாம் நம்பர் அறை கேட்டாள். லெட்ஜரில் பெயர் எழுதச் சொன்னார்கள். ஜாபர் விரல் அங்கே நின்றது. வேறு பெயர் எதுவும் வரவில்லை. "கீதா" என்று எழுதினான். பிறகு தாளின் அடியில் "தொ" போட்டு, வட்டம் போடும்போது மட்டும், தன் கைதான் அது என்று தெரிந்து கண் கலங்கினான்.

யக்ஞநாராயணன் வாலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பொடியை உறிஞ்சினார். "அவாளேதான்" என்றார். சந்தேகம் வராமலில்லை, ஆனால் தொடர் நின்ற பிறகு இதழ் பாதிக்குப் பாதி திரும்பி வருவதை அவரும் பார்த்துக்கொண்டிருந்தவர்தானே.

திங்கட்கிழமை காலை கூடுவாஞ்சேரியில் ஒரு காரியம் நடந்தது. ராஜாராமனின் புது வீட்டில் ஒன்பது மணிக்குப் பால் காய்ச்ச வைத்தார்கள். விறகு எரிந்தது, பானை கரிந்தது, பால் மட்டும் பச்சைத் தண்ணீராக நின்றது. ஐயர் மந்திரத்தை மூன்று தரம் திருப்பிச் சொன்னார். ஒன்பதரை, பத்து. வந்தவர்கள் மணியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ராஜாராமன் தானே குனிந்து ஊதி ஊதிப் புருவத்தைக் கருக்கிக்கொண்டார்.

அதே பத்து மணிக்குப் பம்மல் அச்சகத்தில் மிஷினுக்கு ஒரு பக்கம் ஜாபர், இன்னொரு பக்கம் சிட்டிபாபு. கைவிலங்கு இன்ஸ்பெக்டரின் பாக்கெட்டில் கிணுகிணுத்தது. பத்து ஐந்துக்குப் பிளேட்டு மாட்டினார்கள். பத்து எட்டுக்குக் கரண்டு போனது. பம்மலில் கரண்டு போனால் எப்போது வரும் என்று கரண்டுக்கே தெரியாது. பத்து பத்து. பத்து பன்னிரண்டு. இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைத் தட்டினார். ஜாபர் தனக்குத் தெரிந்த துவாக்களையெல்லாம் ஓதி முடித்து, முதலிலிருந்து ஆரம்பித்தான். பத்து பதினாலுக்கு மின்விசிறி ஒரு முனகல் முனகியது. விளக்கு எரிந்தது. மிஷின் உறுமி, முதல் தாளைத் துப்பியது. ஜாபர் அதை எடுத்துக் கடைசி வரியை மட்டும் பார்த்தான். "தொடரும்." சரியான சொல். மை இன்னும் ஈரம்.

சிட்டிபாபுவின் செல்போன் அடித்தது. ஏரிக்கரைக் கான்ஸ்டபிள்: ஸ்கூட்டி இஞ்சின் நின்றுவிட்டது சார், ஆனால் வண்டி விழவில்லை. மறுபடி அடித்தது. ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக் காவல்: காபி ஆறிவிட்டது சார், ஆடை கட்டிவிட்டது. மூன்றாவது அழைப்பு கூடுவாஞ்சேரியிலிருந்து. ராஜாராமன்மேல் ஒரு கண் வைக்க அனுப்பியிருந்த கான்ஸ்டபிளுக்கு மூச்சு வாங்கியது. "சார், பால் பொங்கிருச்சு. பக்கத்துல, சந்தைக்கு எதிர் லாட்ஜுலேர்ந்து ஒரு அம்மா எறங்கி வந்துகினு கீறாங்க. ஒன்பதாம் நம்பர்ல பதினோரு நாளா தங்கியிருந்தாங்கன்னு மேனேஜர் சொல்றான். நேத்து வரைக்கும் அந்த ரூமு காலின்னும் அவனேதான் சார் சொன்னான்."

ஜீப் போய்ச் சேர்ந்தபோது கனகவல்லி அம்மாள் புது வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முதல் டம்ளர் பாலைக் குடித்துக்கொண்டிருந்தார். பதினோரு நாளைக்கு முன் கட்டிய அதே புடவை, மடிப்பு கலையவில்லை. ராஜாராமன் சுவரோடு ஒட்டி நின்றார். கீதா என்ற அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். மனைவி இறந்துவிட்டாள் என்று சொல்லித்தான் தன்னிடம் பழகினார் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டவள். அவள் முதலில் அம்மாளிடம் ஒரு ஆட்டோகிராப் வாங்கினாள். அடுத்து ராஜாராமனிடம் வீட்டுச் சாவியை வாங்கினாள். மூன்றாவதாக அவருடைய செருப்பைக் கொண்டுவந்து வாசலில், வெளிப்பக்கம் பார்த்தபடி, ஜோடியாக வைத்தாள்.

"ஜாபர், வா இங்க" என்றார் அம்மாள். "இருபத்தேழ எழுதினது யாரு?"

"நான்தாம்மா. மன்னிச்சிருங்க. முற்றும்னு போட்டதும் நான்தான்."

"நீ போட்ட. நான் போடாம விட்டேன். பேனா கையில இருந்துது, எதப் போடறதுன்னு தெரியல. ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி." டம்ளரைக் கீழே வைத்தார். "போவட்டும். நாலு எடத்துல ஒற்று விட்டிருக்க. அதுவும் எனக்குப் போயி இன்னா பேரு வெச்ச நீ? லெட்ஜர்ல என் கையெழுத்துல கீதான்னு எழுதியிருக்குது. கண்ணத் தொறந்து மொதல்ல பாத்ததே அதத்தான். சிரிப்பு தாங்கல."

அந்தப் பதினோரு நாள் எங்கே இருந்தீர்கள் என்று சிட்டிபாபு கேட்டார், பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள், வாசகர்கள் கடிதம் போட்டுக் கேட்டார்கள். "எங்கியும் இல்ல. முடிஞ்சிருந்தேன். நல்லாதான் இருந்துது" என்பதற்கு மேல் ஒருவருக்கும் பதில் கிடைக்கவில்லை. கேஸைக் கட்டி வைத்த சிட்டிபாபு, ஃபைலின் கடைசியில் "முற்றும்" என்று எழுதப்போய், பேனாவை மூடிவிட்டார். கொலைகாரன் மருந்துக்கடைக்காரன் இல்லை.

அம்மாள் இருபத்தெட்டாம் அத்தியாயத்தைத் தானே எழுதினார். அதில் ஒரு கணவன் தயிர் வாங்கப் பால் பூத்துக்குப் போகிறான்; அவன் திரும்பி வருவதைப் பற்றி அந்த அத்தியாயத்திலும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. ராஜாராமனும் அந்த வாரம் கையில் தூக்குவாளியோடு போனவர்தான். கூடுவாஞ்சேரி பூத்து வரிசையில் ஏழாவது ஆளாக நிற்கிறார். வரிசை நகரும், அவர் மட்டும் ஏழாவதிலேயே நிற்பார். பின்னால் வருகிறவர்கள் "சார், கொஞ்சம்" என்று சுற்றிக்கொண்டு போவார்கள். கீதா அவ்வப்போது வாளியைக் கழுவிக் கொடுப்பதாகக் கேள்வி.

ஜாபர் அன்றே ஸ்குரூ டிரைவரை எடுத்து எஃப் எட்டைப் பெயர்த்துவிட்டான். அந்தப் பல் விழுந்த கீபோர்டிலேயே தாம்பரத்துக் கல்யாணங்களும் கருமாதிகளும் நடந்தன. மாத நாவல்கள் கடைசிச் சொல் இல்லாமலே வெளிவந்தன, வாசகர்கள் பழகிக்கொண்டார்கள். தொடர் முந்நூறு அத்தியாயம் தாண்டியது.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஒரு மத்தியானம் அம்மாள் கடைக்கு வந்தார். கைநடுக்கம் வந்திருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, கடைசி வரியை வாய்விட்டுப் படித்து, பேனாவைத் திறந்து, மூடினார். பிறகு குறி எதுவும் போடாமல் தாளை நீட்டினார். "நீயே பாத்துப் போடுப்பா. எதுவா இருந்தாலும் சரி."

ஜாபர் கீபோர்டைப் பார்த்தான். எஃப் எட்டு இருந்த குழியில் ஆறு வருஷத்துத் தூசி. தூசியை ஊதினான். அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். ரயில் ஒன்று வந்து நின்று, போனது. அவன் ஒரே ஒரு விசையைத் தட்டினான். அம்மாள் கண்ணைத் திறந்து தன் கை, கால், கைப்பை மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு, "சரி, இன்னும் சாகல" என்று எழுந்தார்.

வாசலில் ஸ்கூட்டி ஸ்டாண்டு போடாமல் நின்றுகொண்டிருந்தது. ஆறு வருஷமாக எங்கே நிறுத்தினாலும் அது அப்படித்தான் நிற்கிறது. பக்கத்துக் கடைக்காரர் அதன் கண்ணாடியில் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தார். அம்மாளைக் கண்டதும் சீப்பைப் பாக்கெட்டில் போட்டு நகர்ந்து வழி விட்டார்.